பண்டிகைக்கால மசாலா பால்: மாட்டுத் தொழுவத்திலிருந்து டம்ளர் வரை

மார்கழி பிறந்துவிட்டால் பாலுக்குத் தேவை கூடிவிடுகிறது. வைகுண்ட ஏகாதசி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் நாட்களில் விருந்தினருக்குக் காபி, டீக்குப் பதிலாக ஏலக்காய், பாதாம், குங்குமப்பூ சேர்த்த கெட்டியான மசாலா பால் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். சென்னை அபிராமபுரத்தில் இருந்து டி.டி.கே. சாலை வழியாக நடந்தால் நாரத கான சபா, மியூசிக் அகாடமி என்று டிசம்பர் கச்சேரி நடக்கும் அரங்குகள் வரிசையாக வரும். கச்சேரி கேட்க வருபவர்களில் பாதிப் பேர் கேன்டீனைத் தேடித்தான் வருகிறார்கள் என்று மயிலாப்பூர்க்காரர்களே கேலி செய்வார்கள். அங்கே மாலை நேரத்தில் ஆவி பறக்கும் பாதாம் பாலுக்கு வரிசை நிற்கும்.

அந்த டம்ளரில் இருக்கும் பால் சென்னையில் கறந்தது அல்ல. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் போன்ற மாவட்டங்களின் கிராமங்களில் விடியற்காலையில் கறந்து, சங்கத்தில் ஊற்றி, குளிரூட்டி, லாரியில் ஏறி வந்த பால். கறந்து ஊற்றும் வீடுகளிலோ, பண்டிகை அன்று பாதாம் மிக்ஸ் பொட்டலத்தை வாங்கி, மீதமிருக்கும் பாலில் கரைத்துக் குடிக்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பல பொட்டலங்களில் முதலில் இருப்பது சர்க்கரை. பாதாம் அதற்குப் பிறகுதான். நல்ல பால் கையில் இருக்கும்போது சர்க்கரைத் தூளுக்கு இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

எனவே வீட்டுப் பாலில், வீட்டிலேயே மசாலா பால் செய்யும் முறையை இங்கே விரிவாகப் பார்ப்போம். ஆனால் செய்முறைக்கு முன்னால் தீவனத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தப் பானத்துக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறோம். சுண்டும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் எப்படித் தங்கிவிடுகின்றனவோ, அப்படியே பாலில் ஏதாவது நஞ்சு இருந்தால் அதுவும் தங்கிவிடும்.

காய்ச்சினாலும் போகாத நஞ்சு

பாலைக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. கன்றுவீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா, காசநோய்க் கிருமி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல நுண்ணுயிரிகள் ஆகியவை கொதிநிலைக்கு வெகு முன்பே இறந்துவிடும். 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நொடி இருந்தாலே போதும். பால் பண்ணைகளில் பாஸ்சுரைசேஷன் என்று செய்வது இதைத்தான். ஆனால் பூஞ்சை நஞ்சும், மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்தின் மிச்சமும் கிருமிகள் அல்ல. அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதால் அவை நீங்குவதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை நாடு முழுவதும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. 93 சதவீத மாதிரிகள் பாதுகாப்பானவை என்று தெரிந்தது நல்ல செய்தி. யூரியா, சோப்புத்தூள் கலந்த பால் என்று நாம் பயப்படும் அளவுக்குக் கலப்படம் இல்லை என்பதும் நல்ல செய்தி. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் இந்தக் குறை. மாநிலங்களில் இதுவே அதிக எண்ணிக்கை. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் மருந்தின் மிச்சம் வரம்பை மீறி இருந்தது. நகரத்தில் வாங்கிச் சோதித்த பால்தான். ஆனால் பூஞ்சை நஞ்சு பாலுக்குள் நுழையும் இடம் நகரம் அல்ல, நம் தீவனத் தொட்டி.

அது வரும் வழி இதுதான். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், தவிடு, ஈரம்பட்ட வைக்கோல் ஆகியவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. அது சுரக்கும் அஃப்ளாடாக்ஸின் பி1 மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்ற ஒரு நாளுக்குள்ளேயே பாலில் நஞ்சு தெரிய ஆரம்பிக்கும். அந்தத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் குறைந்துவிடும். பாலில் அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். மாட்டுத் தீவனத்தில் பி1 அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாத அளவு. தொடர்ந்து உடலுக்குள் போனால் ஈரலைப் பாதிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வீட்டில் அதிகம் பால் குடிப்பவர்கள் குழந்தைகள்தான் என்பதால் பாதிப்பும் அவர்களுக்குத்தான் முதலில்.

ஒரு கணக்கு பார்ப்போம். வரம்பின் விளிம்பில், அதாவது 0.5 மைக்ரோகிராம் அளவில் நஞ்சு உள்ள பாலை முக்கால் பங்காகச் சுண்டினால், கிலோவுக்கு ஏறக்குறைய 0.67 மைக்ரோகிராம் ஆகிவிடும். பாத்திரத்தில் இருந்த மொத்த நஞ்சு கூடவில்லை. ஆனால் ஒவ்வொரு டம்ளரிலும் கூடிவிட்டது.

நம் பண்டிகைக்காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதுதான் இதில் சிக்கல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். சாக்கில் கட்டிச் சுவர் ஓரமாக வைத்த பிண்ணாக்கு அடியில் ஈரம் வாங்கிப் பூசணம் பிடிப்பது இந்த மாதங்களில்தான். பயிற்சிகளுக்குப் போகும் ஊர்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு, 'மேலாக இருந்த பூசணத்தைத் தட்டிவிட்டு, வெயிலில் காயவைத்துப் போட்டேன் சார், மாடு நன்றாகத்தான் தின்றது' என்பது. மாடு தின்னும். ஆனால் வெயிலில் காய்ந்தால் பூஞ்சை வளர்வது நிற்குமே தவிர, ஏற்கெனவே சுரந்த நஞ்சு அதிலேயே இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வைப்பதும், நல்ல தீவனத்தோடு கலந்து 'நீர்த்துப்' போட நினைப்பதும் தீர்வு அல்ல. கோழிக்கும் போடாதீர்கள், வாத்தும் கோழியும் மாட்டைவிட இந்த நஞ்சுக்கு எளிதில் பலியாகும். குழி தோண்டிப் புதைத்துவிடுவதே சரி.

மழைக்காலத்தில் 15 நாளுக்கு மேல் தேவையான பிண்ணாக்கை வாங்கி வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். வீட்டில் விளைந்த நிலக்கடலையை ஆட்டிப் பிண்ணாக்கு எடுப்பவர்கள், பருப்பை ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்த பிறகே ஆட்டக் கொடுக்க வேண்டும். கையில் எடுத்துத் தேய்த்தால் தோல் சட்டென உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். சூம்பிய, நிறம் மாறிய, முளைவிட்ட கடலையைப் பொறுக்கி ஒதுக்குங்கள். பூஞ்சை நஞ்சு அதிகம் இருப்பது அவற்றில்தான். நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் தீவனச் சேர்க்கைகள் கடையில் கிடைக்கின்றன. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பூசணம் பிடித்த தீவனத்தைத் தைரியமாகப் போடுவதற்கான அனுமதிச் சீட்டாக அதை நினைக்க வேண்டாம்.

மருந்து விஷயம் இதைவிட எளிது. மடிநோய்க்கோ காய்ச்சலுக்கோ ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்தின் லேபிளில் இருக்கும். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாட்களின் பால் சங்கத்துக்கும் போகக் கூடாது, வீட்டு அடுப்புக்கும் வரக் கூடாது. சங்கத்துக்கு ஊற்ற முடியாத பாலைத்தான் பண்டிகைப் பலகாரத்துக்கு வைத்துக்கொள்கிறோம் என்ற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

பால் தேர்வு

கன்று ஈன்ற முதல் ஐந்து நாட்களின் சீம்பால் இதற்கு ஆகாது. காய்ச்சினால் கட்டியாகத் திரண்டுவிடும். காலைப் பாலையும் முந்தைய நாள் மாலைப் பாலையும் கலப்பதாக இருந்தால், முதலில் ஒரு கரண்டி மாலைப் பாலைத் தனியாகச் சூடாக்கிப் பாருங்கள். திரிந்தால் புளிப்பு ஏறிவிட்டது என்று பொருள். சங்கத்தில் செய்யும் கொதிநிலைத் திரிதல் சோதனையும் இதேதான். ஒரு கரண்டிப் பாலோடு போகட்டும். பாதாமும் குங்குமப்பூவும் போட்ட பிறகு திரிந்தால் செலவு பெரிது.

பசும்பாலில் கொழுப்பும் மற்ற திடப்பொருட்களும் சேர்த்து லிட்டருக்கு ஏறத்தாழ 125 கிராம் இருக்கும். அதை 750 மில்லியாகச் சுண்டினால் பாலில் திடப்பொருள் 17 சதவீதத்தை நெருங்கும். நாக்கில் 'கெட்டி'யாகத் தெரிவது அதுதான். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் வரை இருப்பதால் அந்த அளவுக்குச் சுண்ட வேண்டியதில்லை. 850 மில்லியில் நிறுத்தலாம். பாக்கெட் பால் வாங்குபவர்கள் 6 சதவீதக் கொழுப்பும் 9 சதவீத இதர திடப்பொருளும் உள்ள நிறை கொழுப்புப் பாலை வாங்குங்கள். கெட்டியாக்குவதற்கு மைதா, சோளமாவு, கஸ்டர்டு பவுடர் கரைத்து ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கெட்டிப்படும், உண்மைதான். ஆனால் ஆறினால் கூழ் மாதிரி ஆகிவிடும், பாலின் சுவையும் மங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பெயர் வந்தது பாலையும் சர்க்கரையையும் மட்டும் பொறுமையாகச் சுண்டியதால்தான். மசாலா பால் அந்தப் பாதையில் கால் தூரம் போய் நிற்கும் பானம்.

தேவையானவை: ஆறு பேருக்கு

பசும்பால் 1 லிட்டர், பாதாம் 20 (சுமார் 25 கிராம்), முந்திரி 8, பனங்கற்கண்டு 60 கிராம் அல்லது சர்க்கரை 50 கிராம், ஏலக்காய் 4, மிளகு 6, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, ஜாதிக்காய் சுரண்டிய தூள் கால் சிட்டிகை, குங்குமப்பூ 10 இழை. குங்குமப்பூ இல்லாவிட்டால் மஞ்சள்தூள் ஒரு சிறு சிட்டிகை போதும்.

பாதாம் நம் ஊர் விளைபொருள் அல்ல, விலையும் அதிகம். பாதாமைப் பத்தாகக் குறைத்து முந்திரியை இருபதாகக் கூட்டினாலும் நன்றாகவே இருக்கும். பண்ருட்டி, அரியலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் முழுக்க முந்திரியிலேயே செய்யலாம். உடைந்த பருப்பு விலை குறைவு. அரைப்பதற்கு முழுப் பருப்பு எதற்கு? எந்தப் பருப்பாக இருந்தாலும் பூசண வாடை, சிக்கு வாடை வந்தால் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். மேலே தீவனத்துக்குச் சொன்னதே பருப்புக்கும் பொருந்தும். வாயில் போட்டால் கசக்கும் பாதாமையும் ஒதுக்கிவிடுங்கள்.

மசாலாப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை நாடறிந்தது. ஜாதிக்காய் பொள்ளாச்சி, கன்னியாகுமரி பக்கங்களில் தென்னைக்கு ஊடுபயிராகவே வளர்கிறது. ஜாதிக்காயில் மட்டும் கை நீளக்கூடாது. மணமாக இருக்கிறதே என்று டீஸ்பூன் கணக்கில் போட்டால் தலைச்சுற்றல், வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோய்விடும். ஆறு பேருக்குக் கால் சிட்டிகை என்றால் கால் சிட்டிகைதான்.

குங்குமப்பூ வாங்கும்போது ஏமாறுவது அதிகம். இரண்டு இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். அசல் என்றால் மஞ்சள் நிறம் மெதுவாக, பல நிமிடங்கள் எடுத்து இறங்கும்; இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்துவிட்டால் அது சாயம் போட்ட நார். கடைகளில் காணும் பளிச்சென்ற மஞ்சள் பாதாம் பாலின் நிறம் பெரும்பாலும் செயற்கை வண்ணம். பாதாம் வெள்ளை, பாலும் வெள்ளை. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

செய்முறை

பாதாமைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தோலை உரித்துக்கொள்ளவும். முந்திரி 15 நிமிடம் ஊறினால் போதும். இரண்டையும் கால் டம்ளர் காய்ச்சிய பால் விட்டு நைசாக அரைக்கவும். விரலில் தொட்டால் நறநறப்பு இருக்கக் கூடாது. குங்குமப்பூவை இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் ஊறப் போடவும்.

அடிகனமான அகலப் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு பாலை ஊற்றுங்கள். அடி ஈரமாக இருந்தால் பாலின் புரதம் உடனே ஒட்டாது, அடிபிடிப்பது குறையும். பால் பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரங்களில் படியும் ஆடையை எடுத்து எறியாமல் பாலுக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். அகலப் பாத்திரத்தில் 25 முதல் 30 நிமிடத்தில் கால் பங்கு சுண்டிவிடும். வேகமாக முடிக்க வேண்டும் என்று தீயைக் கூட்டினால் அடிபிடித்த வாடை வரும். எத்தனை ஏலக்காய் போட்டாலும் அதை மறைக்க முடியாது.

இப்போது அரைத்த விழுதைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பருப்பின் பச்சை வாடை போவதற்கும், அரைக்கும்போது கையிலிருந்தும் மிக்ஸி ஜாரிலிருந்தும் வந்த கிருமிகள் சாவதற்கும் இந்த ஐந்து நிமிடம் அவசியம். பிறகு சர்க்கரை அல்லது பொடித்த பனங்கற்கண்டு. பொடித்த மிளகு, சுக்கு, ஜாதிக்காய் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கொதி விட்டு, கடைசியில் ஏலக்காய்த்தூளும் குங்குமப்பூவும் போட்டு மூடி அடுப்பை அணைத்துவிடுங்கள். ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. முதலிலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மணம் தெருவுக்குத்தான் போகும்.

கருப்பட்டியோ வெல்லமோ சேர்க்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டும். கொதிக்கும் பாலில் நேரடியாகப் போட்டால் பால் திரியும். கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகைக் கொதிக்கவைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாலை இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பாகைக் கலந்து உடனே பரிமாறுங்கள். கலந்த பிறகு மீண்டும் சூடாக்கக் கூடாது. உடன்குடி கருப்பட்டியில் செய்தால் நிறம் பழுப்பாக இருக்கும்; சுவையில் எனக்கு இதுதான் முதலிடம்.

கிறிஸ்துமஸ் வீடுகளுக்கு: முட்டை சேர்த்த பால்

மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் எக்நாக் என்று ஒரு பானம் செய்வார்கள். பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, ஜாதிக்காய். நம் மசாலா பாலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். அபிராமபுரத்துக்கு அருகிலேயே இருக்கும் சாந்தோம் பகுதியில் பேராலயத்துக்குப் போய் வருபவர்களைப் போலவே, கிராமங்களிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகள் ஏராளம். நாட்டுக்கோழி முட்டையும் வீட்டுப் பாலும் இருப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பழைய செய்முறைகள் பலவற்றில் முட்டையைப் பச்சையாகவே அடித்துக் கலப்பார்கள். அது வேண்டாம். சால்மோனெல்லா கிருமி முட்டை ஓட்டின் மேலும், சில நேரம் உள்ளேயும் இருக்கும். நாட்டுக்கோழி என்பதால் அதற்கு விலக்கு கிடையாது. ரம், பிராந்தி ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள்.

அரை லிட்டர் பாலை ஒரு சிறு துண்டுப் பட்டை, ஒரு கிராம்பு போட்டுக் காய்ச்சிக்கொள்ளுங்கள். மூன்று மஞ்சள் கருவை 50 கிராம் சர்க்கரையுடன் வெளுக்கும்வரை அடித்து, சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் முட்டைப் பொரியல் கிடைக்கும். கலவையை மறுபடி மெல்லிய தீயில் வைத்துத் துழாவவும். கரண்டியின் பின்புறத்தில் பால் படலமாகப் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும் பதம் வந்தால் இறக்கிவிடலாம். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி தாண்ட வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது. 80-ஐத் தாண்டினால் திரிய ஆரம்பிக்கும். வடிகட்டி, ஜாதிக்காய்த்தூள் தூவிக் கொடுங்கள். முட்டை ஒவ்வாத குழந்தை இருக்கிறதா என்று விருந்தினரிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

ஆறவைப்பதில்தான் ஆபத்து

சூடாகக் குடிப்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. குளிர்ச்சியாகக் குடிக்க ஆசைப்படுபவர்கள்தான் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொதித்த பாலில் பெரும்பாலான கிருமிகள் இறந்தாலும், பேசில்லஸ் சீரியஸ் போன்றவற்றின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். மிளகு, ஏலக்காய் போன்ற மசாலாப் பொருட்களிலேயே இவை ஒட்டிக்கொண்டு வரும். பால் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் முழுவதும் அவை முளைத்துப் பெருகும். 60 டிகிரிக்குக் கீழும் 5 டிகிரிக்கு மேலும் பால் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்த மசாலா பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பயன் இல்லை, கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான்.

பெரிய குண்டானில் மூடிவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலமான தட்டுப் பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, குளிர்ந்த நீர் நிரப்பிய அண்டாவில் இறக்கி, சுத்தமான கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். கிணற்று நீரில் பாலை 30 டிகிரி அளவுக்குத்தான் கொண்டுவர முடியும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் ஐஸ் வேண்டும். ஒரு பிடி கல் உப்பு சேர்த்தால் ஐஸ் இன்னும் வேகமாகக் குளிர்விக்கும். ஐஸை அண்டாவில் போடுங்கள், பாலில் போடாதீர்கள். மீன் பெட்டிக்கு விற்கும் ஐஸும் சந்தையில் அதேபோலத்தான் இருக்கும். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் மூடிவைத்து, மறுநாளுக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள், மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்கள் என்றால் என் யோசனை ஒன்றுதான்: தேவையான அளவு மட்டும் செய்து சூடாகவே குடித்துவிடுங்கள். மார்கழிக் குளிருக்கு அதுதான் பொருத்தமும்.

செலவும் விற்பனையும்

பாதாம், முந்திரி கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன அளவுக்குப் பருப்புச் செலவு 33 ரூபாய் அளவில் வரும். ஆவினுக்கு ஊற்றும் பசும்பாலின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. அந்த 38 ரூபாயையே நம் பாலின் விலையாகப் போடுவோம். சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ, எரிவாயு எல்லாம் சேர்த்து 20 ரூபாய் கூட்டினால் மொத்தம் 90 ரூபாய்க்குச் சற்று மேல். ஆறு டம்ளருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 15 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மகளிர் குழுக்களில் அடுத்த கேள்வி வந்துவிடும்: திருவிழாவில் போட்டு விற்கலாமா? விற்கலாம். சூடான பாலாக விற்பதோடு தொடங்குங்கள். குளிர்ந்த பாலைப் பாட்டிலில் அடைத்து விற்பதற்குக் கிருமி நீக்கமும் குளிர் தொடரும் வேண்டும். வீட்டு அடுப்பங்கரையில் அது முடியாது. அந்த அளவுக்குப் போக நினைப்பவர்கள் சென்னை அருகே கொடுவள்ளியில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியையோ, உங்கள் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயிற்சி கேளுங்கள். சூடாக விற்பவர்கள் எவர்சில்வர் கொதிகலனில், தொடர்ந்து 60 டிகிரிக்கு மேல் இருக்கும்படி அடுப்பின் மேலேயே வைத்திருக்க வேண்டும். டம்ளர் கழுவ ஒரே வாளித் தண்ணீரை மணிக்கணக்கில் பயன்படுத்தாதீர்கள். பால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வாளி கெடுத்துவிடும். சிறு அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும்.  புகைப்படமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுப்பார்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.